படிவத்தில் நிரப்பியதை ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு வாட்ஸ்அப் லிங்க் ஆக்குவது: முழுமையான வழிகாட்டி

வாடிக்கையாளர் ஒரு படிவத்தில் பெயர், பலகாரம், எத்தனை கிலோ, எந்த நாள் வேண்டும் என்று நிரப்புகிறார். பட்டனை அழுத்தியதும் வாட்ஸ்அப் திறந்து, ஆர்டர் முழுவதும் செய்தியாகத் தயாராக நிற்கிறது. அனுப்புவது ஒன்றுதான் அவர் வேலை. சர்வர் வேண்டாம், டேட்டாபேஸ் வேண்டாம். எல்லா வேலையையும் ஒரே ஒரு இணைய முகவரி செய்துவிடுகிறது. அந்த முகவரியைத் தப்பில்லாமல் கட்டுவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி.

தெரிந்தவர் ஒருவரின் பலகாரக் கடைக்கு இப்படி ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். முதல் பத்துப் பதினைந்து ஆர்டர்கள் ஒழுங்காக வந்தன. அப்புறம் ஒருவர் ‘மிக்சர் & முறுக்கு, 2 கிலோ’ என்று எழுதினார். கடைக்கு வந்து சேர்ந்தது ‘மிக்சர்’ மட்டும். கடைக்காரர் போன் செய்து கேட்டதால் முறுக்கு தப்பித்தது. அதன் பிறகு இதையே பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் அதே இடத்தில்தான் விழுகிறார்கள். அவர்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியாமல் இல்லை. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசைதான் பிடிபடுவதில்லை.

வரிசை இதுதான்: எடு, துடை, கோர், என்கோட் செய் (முகவரிக்குள் வைக்கத்தக்க வடிவமாக மாற்று), ஒட்டு, திற. ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. நகலெடுத்து ஒட்டுவதற்கு வரிகள் இங்கே கிடையாது. ஒவ்வொரு படியும் ஏன் அங்கே நிற்கிறது என்று புரிந்தால் மொத்தமே இருபது முப்பது வரிகள்தான், நீங்களே எழுதிவிடலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு எச்டிஎம்எல் கோப்பு, ஒரு டெக்ஸ்ட் எடிட்டர், கணினியில் குரோமோ ஃபயர்பாக்ஸோ, வாட்ஸ்அப் உள்ள ஒரு போன். பிரவுசரின் கன்சோலை எஃப்12 அழுத்தித் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும். கன்சோலைப் பார்க்காமல் இந்த வேலையைச் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி.

கோப்பின் தலைப்பகுதியில் எழுத்துக் குறிமுறை யூடிஎஃப்-8 என்று சொல்லும் மெட்டா வரி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் தமிழில் எழுதிய பலகாரப் பெயர்கள் கலைந்து வரும். அதைச் சரிசெய்ய நீங்கள் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொரு கேள்வியையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு ஜாவாஸ்கிரிப்ட் தேவையா? ஒரு புலம் (படிவத்தில் நிரப்பும் ஒரு கட்டம்), ஒரு தேடல் பக்கம், அவ்வளவுதான் என்றால் படிவத்தின் மெத்தடை ‘கெட்’ என்று வைத்தாலே போதும். முகவரியைப் பிரவுசரே கட்டிவிடும். அப்படிச் செய்யும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: ஆக்ஷனில், அதாவது படிவம் போய்ச்சேரும் முகவரியில், ஏற்கெனவே கேள்விக்குறியும் மதிப்புகளும் இருந்தால் பிரவுசர் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டுப் படிவத்தின் புலங்களை மட்டும் வைக்கும். நிலையாகப் போக வேண்டியதைத் திரையில் தெரியாத மறைபுலமாகக் கொடுக்க வேண்டும். நம் வேலையில் நான்கைந்து புலங்களைச் சேர்த்து ஒரே செய்தியாக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும்.

2. முகவரியை முதலில் தாளில் எழுதுங்கள்

குறியீடு ஒரு வரிகூட எழுதும் முன் முடிவில் கிடைக்க வேண்டிய முகவரியைக் கையால் எழுதிப் பாருங்கள். வாட்ஸ்அப்பின் குறுந்தளமான டபிள்யூஏ.எம்இ முகவரிக்கு மூன்றே துண்டுகள்: தளத்தின் பெயர், சாய்கோட்டுக்குப் பிறகு கடையின் எண், கேள்விக்குறிக்குப் பிறகு ‘டெக்ஸ்ட்’ என்ற பெயரில் செய்தி.

எச்டிடிபிஎஸ்://டபிள்யூஏ.எம்இ/91…?டெக்ஸ்ட்=செய்தி (ஆங்கில எழுத்துகளில்: https://wa.me/91…?text=செய்தி)

எண்ணை நாட்டுக் குறியீட்டோடு முழுமையாக எழுத வேண்டும். கூட்டல் குறி, முன்னால் வரும் பூஜ்யம், அடைப்புக்குறி, இடையில் கோடு எதுவும் கூடாது. எண்ணை விட்டுவிட்டுச் செய்தியை மட்டும் கொடுத்தால், யாருக்கு அனுப்புவது என்று வாட்ஸ்அப் கேட்கும். கடை எண்ணை யாரும் தவறுதலாகத் தொடாமல் சோதித்துப் பார்க்க அது வசதி.

தாளில் எழுதியதை அப்படியே பிரவுசரின் முகவரிப் பட்டையில் தட்டி, வாட்ஸ்அப் திறக்கிறதா பாருங்கள். கையால் எழுதியதே திறக்கவில்லை என்றால் குறியீடு கட்டுவதும் திறக்காது. இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்தவர்கள் பிறகு அரை மணி நேரம் செலவழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

3. ஒவ்வொரு புலத்துக்கும் நேம் கொடுங்கள்

ஐடி என்பது சிஎஸ்எஸ்ஸுக்கும் லேபிளுக்கும். நேம் என்பது மதிப்பை எடுப்பதற்கு. புதியவர்கள் ஐடி மட்டும் கொடுத்துவிட்டு, எடுக்கும்போது ‘நல்’ (எதுவும் இல்லை என்பதற்கான ஜாவாஸ்கிரிப்ட் சொல்) வருகிறதே என்று திகைக்கிறார்கள். படிவத்தின் மதிப்புகளைத் திரட்டித் தரும் ஃபார்ம்டேட்டா எதையும் ஐடி பார்த்து எடுப்பதில்லை. நேம் இல்லாத புலம் அதன் கண்ணுக்கே தெரியாது.

பெயர் வைக்கும்போது ‘சப்மிட்’, ‘ஆக்ஷன்’ இரண்டையும் தவிருங்கள். ‘சப்மிட்’ என்று ஒரு புலம் இருந்தால், படிவத்தின் சப்மிட் என்ற செயலையே அந்தப் புலம் மறைத்துவிடும். அதைக் கூப்பிட்டால் ‘இது ஃபங்ஷன் இல்லை’ என்ற பிழை வரும், காரணம் மட்டும் தெரியாது.

போன் எண்ணுக்கு ‘நம்பர்’ வகைப் புலம் வைக்காதீர்கள். அது கணக்குப் போடும் எண்களுக்கானது. யாராவது எண்ணின் நடுவில் கோடு போட்டுவிட்டால் அந்தப் புலம் வெறுமையைத்தான் திருப்பித் தரும், அவர் தட்டியது உங்கள் கைக்கு வரவே வராது. ‘டெல்’ வகையே சரி. கைபேசியில் எண் பலகையும் தானாக வரும். கிலோவுக்கு ‘நம்பர்’ தாராளமாக வைக்கலாம். அரை கிலோ, கால் கிலோ வாங்குவார்கள் என்பதால் ஸ்டெப்பை 0.25 என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் 0.5 என்று தட்டியதும் பிரவுசரே மறுத்துவிடும்.

டிக் பெட்டிகளுக்கு வேல்யூ எழுத மறக்காதீர்கள். எழுதாவிட்டால் டிக் செய்த பெட்டியின் மதிப்பு ‘ஆன்’ என்று வரும். ‘அதிரசம், முறுக்கு, லட்டு’ என்று வரவேண்டிய ஆர்டர் ‘ஆன், ஆன், ஆன்’ என்று வந்தால் கடைக்காரர் என்னதான் செய்வார்?

4. பட்டனின் கிளிக்கைப் பிடிக்காதீர்கள், படிவத்தின் சப்மிட்டைப் பிடியுங்கள்

ஏறக்குறைய எல்லோரும் பட்டனின் கிளிக் நிகழ்வில்தான் தொடங்குகிறார்கள். வேலை செய்யும், ஆனால் பாதிதான். ‘பெயர் கட்டாயம்’, ‘0.25க்குக் குறையக்கூடாது’ என்று புலங்களில் நாம் வைத்த கட்டுப்பாடுகளைப் பிரவுசர் சோதிப்பது கிளிக்குக்குப் பிறகு, சப்மிட்டுக்கு முன்பு. கிளிக்கில் முகவரியைக் கட்டினால் அந்தச் சோதனை நடக்கும் முன்பே வெறும் பெயரோடு வாட்ஸ்அப் திறந்துவிடும். சப்மிட் நிகழ்வு சோதனையில் தேறிய பிறகுதான் வரும்.

அந்த நிகழ்வைப் பிடித்ததும் முதல் வரி ‘பிரிவென்ட்டிஃபால்ட்’. அது இல்லாவிட்டால் பிரவுசர் தன் வழக்கப்படி படிவத்தை அனுப்பிப் பக்கத்தையே புதிதாக ஏற்றிவிடும், நிரப்பியதெல்லாம் போய்விடும். முதல் வரியாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கீழே எந்த வரியிலாவது பிழை வந்தால் அதற்கடுத்த வரிகள் ஓடாது. இதைக் கடைசியில் வைத்திருந்தால் பிழையும் வரும், பக்கமும் மறுபடி ஏறும், கன்சோலில் வந்த செய்தியும் அழிந்துவிடும். என்ன நடந்தது என்றே தெரியாது.

குறியீட்டிலிருந்தே படிவத்தை அனுப்ப வேண்டியிருந்தால் ‘ரிக்வெஸ்ட்சப்மிட்’ பயன்படுத்துங்கள். வெறும் ‘சப்மிட்’ கட்டுப்பாடுகளையும் சோதிக்காது, நீங்கள் வைத்த சப்மிட் நிகழ்வையும் எழுப்பாது.

5. எடு

மதிப்பு எடுக்கும் வரி சப்மிட் நிகழ்வுக்குள் இருக்க வேண்டும். கோப்பின் மேலே, பக்கம் ஏறும்போதே ஓடும் இடத்தில் எழுதிவிட்டால் எப்போதும் வெறுமைதான் கிடைக்கும், ஏனென்றால் அப்போது யாரும் எதையும் நிரப்பியிருக்க மாட்டார்கள். மிகச் சாதாரணமான தப்பு, ஆனால் வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

புலத்துக்கு ஒரு வரி என்று எழுதாமல், படிவத்தைக் கொடுத்து ஒரு ஃபார்ம்டேட்டா செய்துகொள்ளுங்கள். பிறகு ‘கெட்’ போட்டு ஒவ்வொரு பெயராகக் கேட்கலாம். ஒரே பெயரில் பல டிக் பெட்டிகள் இருந்தால் ‘கெட்’ முதலாவதை மட்டும் தரும். எல்லாம் வேண்டுமானால் ‘கெட்ஆல்’. ஃபார்ம்டேட்டாவை ‘ஆப்ஜெக்ட்.ஃப்ரம்என்ட்ரீஸ்’ போட்டு ஆப்ஜெக்டாக மாற்றுவது அழகாகத் தெரியும். ஆனால் ஒரே பெயரில் மூன்று இருந்தால் கடைசியானது மட்டுமே மிஞ்சும். மூன்று பலகாரம் கேட்டவருக்கு ஒன்றுதான் போகும்.

நேம் இருந்தும் ஃபார்ம்டேட்டாவில் வராதவற்றில் முக்கியமானவை இரண்டு: டிக் செய்யாத பெட்டி, டிசேபிள் செய்த புலம். வெறுமையாக வருவதில்லை, வருவதே இல்லை, கேட்டால் ‘நல்’. ‘மாற்ற முடியாது, ஆனால் ஆர்டரில் போக வேண்டும்’ என்று ஒரு புலம் இருந்தால் அதை டிசேபிள் செய்யாமல் ரீட்ஒன்லி ஆக்குங்கள்.

வருவதெல்லாம் எழுத்துச்சரம் என்பதையும் மறக்க வேண்டாம். கிலோவும் விலையும் பெருக்கப்படும்போது பிரச்சினை தெரியாது, ஜாவாஸ்கிரிப்ட் தானே எண்ணாக்கிவிடும். கூட்டும்போதுதான் தெரியும்: 2 கிலோவும் 3 கிலோவும் 23 கிலோ ஆகும்.

6. துடை

மனிதர்கள் தட்டியது முகவரிக்குத் தகுந்தபடி இருக்காது. துடைப்பது என்கோடிங்குக்கு முன்னால்தான் நடக்க வேண்டும். என்கோட் செய்த பிறகு இடைவெளி இடைவெளியாக இருக்காது, கூட்டல் கூட்டலாக இருக்காது. எதைத் தேடி நீக்குவீர்கள்?

எல்லாவற்றுக்கும் முதலில், முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்கும் ‘ட்ரிம்’. கைபேசி விசைப்பலகைகள் சொல்லைத் தேர்ந்ததும் பின்னால் ஓர் இடைவெளி போட்டுவிடும். வெறும் இடைவெளியை மட்டும் தட்டினாலும் ‘கட்டாயம்’ என்ற சோதனை தேறிவிடுகிறது. அதனால் ட்ரிம் செய்த பிறகு வெறுமையா என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

*போன் எண்.* அந்தப் பலகாரக் கடைக்கு இரண்டு கிளைகள். எந்தக் கிளை என்ற தேர்வுப் பட்டியலில் ஒவ்வொன்றின் வேல்யூவாக அந்தக் கிளையின் எண்ணை வைத்தோம். கடைக்காரர் விசிட்டிங் கார்டைப் பார்த்து ஒன்றைக் கூட்டல் குறி, இடைவெளியோடும் மற்றொன்றைப் பூஜ்யத்தோடும் கொடுத்தார். இரண்டும் திறக்கவில்லை. அன்றிலிருந்து எந்த எண்ணையும் துடைக்காமல் முகவரிக்குள் விடுவதில்லை.

முதலில் இலக்கம் அல்லாத அனைத்தையும் நீக்குங்கள். பிறகு நீளத்தைப் பாருங்கள். 11 இலக்கம், முதலில் பூஜ்யம் என்றால் பூஜ்யத்தை எடுத்துவிடுங்கள். 10 இலக்கமாக இருந்தால் முன்னால் 91 சேருங்கள். 12 இலக்கம், 91இல் தொடங்குகிறது என்றால் அப்படியே விடுங்கள். வேறு எதுவாக இருந்தாலும் நிறுத்திவிட்டு ‘எண்ணைச் சரிபாருங்கள்’ என்று சொல்லுங்கள். ‘91இல் தொடங்குகிறதா’ என்பதை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் அதிகம். நாட்டுக் குறியீடு இல்லாத பத்து இலக்க எண்ணே 91இல் தொடங்கலாம், அதனால் நீளத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். இலங்கை எண்கள் என்றால் 94உம் அதன் பிறகு 9 இலக்கமும்.

*தேதி.* தேதிப் புலம் திரையில் எப்படிக் காட்டினாலும் உங்களுக்குத் தருவது ஆண்டு-மாதம்-நாள் என்ற ஒரே வடிவம்: 2025-11-05. இதை அழகுபடுத்த பலரும் டேட் ஆப்ஜெக்டாக மாற்றி, திரும்ப ‘டுஐஎஸ்ஓஸ்ட்ரிங்’ போடுகிறார்கள். அங்கேதான் ஒரு நாள் காணாமல் போகிறது. ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனியாகக் கொடுத்து உருவாக்கிய டேட், நம் ஊர் நள்ளிரவைக் குறிக்கும். ஐஎஸ்ஓ வடிவம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதப்படுவது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால் நவம்பர் 5 நள்ளிரவு அங்கே நவம்பர் 4, மாலை 18:30. வளைகாப்புக்குக் கேட்ட பலகாரம் முந்தின நாளே தயாராகிவிடும். டேட் ஆப்ஜெக்டே வேண்டாம். எழுத்துச்சரத்தைக் கோட்டில் வெட்டி, மூன்று துண்டுகளைத் திருப்பிப் போட்டு 05-11-2025 என்று சேர்த்தால் முடிந்தது.

*தமிழ்.* ‘கொழுக்கட்டை’யில் உள்ள ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறி, அல்லது ககரத்தோடு கொம்பு தனி, கால் தனி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள், முகவரியிலும் வேறு வேறு மதிப்புகள். செய்தியாக மனிதர் படிப்பதற்கு இதனால் பாதகமில்லை. ஆனால் முகவரியில் வந்த பெயரை வைத்துப் பட்டியலில் தேடப் போகிறீர்கள் என்றால் ‘நார்மலைஸ்’ செய்து எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் (ஒற்றைக் குறியாகச் சேர்த்து எழுதுவது) கொண்டுவாருங்கள். கண்ணுக்கு ஒரே சொல், தேடினால் கிடைக்கவில்லை என்ற புகார் வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். அடுத்தது, எங்கிருந்தோ நகலெடுக்கும்போது கூடவே வரும் அகலமில்லா இணைப்புக் குறிகள். அவற்றை ட்ரிம் நீக்காது.

7. கோர்

துடைத்த மதிப்புகளைச் செய்தியாகச் சேருங்கள். இன்னும் என்கோட் செய்யவில்லை. இந்தக் கட்டத்தில் செய்தி மனிதர் படிக்கிற மாதிரிதான் இருக்க வேண்டும். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வரி என்று அடுக்குப் பட்டியலில் போட்டு, வெறுமையானவற்றை வடிகட்டிவிட்டு, வரிமுறிவு வைத்துச் சேர்ப்பது நல்ல வழி.

பெயர்: செல்வி
பலகாரம்: மிக்சர் & முறுக்கு
எடை: 2 கிலோ
நாள்: 05-11-2025

வடிகட்டும் படி ஏன் என்றால், குறிப்பு எதுவும் எழுதாதவரின் செய்தியில் ‘குறிப்பு: நல்’ என்றோ ‘குறிப்பு: அன்டிஃபைன்ட்’ என்றோ வரக்கூடாது. வடிகட்டுவதற்கு வெறுமையா என்ற கேள்வியை மட்டும் கேளுங்கள். ‘உண்மையா பொய்யா’ என்று பொதுவாகக் கேட்டால், எண்ணாக மாற்றிய 0வும் வெளியே போய்விடும்.

இந்தச் செய்தியை ஒருமுறை கன்சோலில் அச்சிட்டுப் பாருங்கள். இங்கே சரியாக இருந்து வாட்ஸ்அப்பில் தப்பாக வந்தால் பிழை அடுத்த இரண்டு படிகளில்தான் இருக்கிறது. பாதித் தேடல் அப்போதே மிச்சம்.

8. என்கோட் செய்

முறுக்கு காணாமல் போனது இங்கேதான். முகவரிக்குள் சில குறிகளுக்குச் சொந்த வேலை இருக்கிறது. கேள்விக்குறி வந்தால் ‘இனி மதிப்புகள்’ என்று பொருள். & வந்தால் ‘ஒரு மதிப்பு முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது’. # வந்தால் ‘இனி வருவது பக்கத்துக்குள் உள்ள இடம், சர்வருக்குப் போக வேண்டாம்’. வாடிக்கையாளர் எழுதிய &, நாம் போட்ட & இரண்டுக்கும் பிரவுசருக்கு வித்தியாசம் தெரியாது. ‘மிக்சர்’ என்றதோடு செய்தி முடிந்தது, ‘முறுக்கு, 2 கிலோ’ என்பது ஏதோ வேறொரு மதிப்பின் பெயர் என்று எடுத்துக்கொண்டது. ‘கதவு எண் #12’ என்று எழுதியிருந்தால் 12 முதல் கடைசி வரை எல்லாமே போயிருக்கும்.

அவர் எழுதிய குறிகளை வெறும் எழுத்துகளாக மாற்றிக் கொடுப்பதுதான் என்கோடிங். & என்பது %26 ஆகும், # என்பது %23, இடைவெளி %20. ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு. பெயர் ஒத்திருப்பதால் புதியவர்கள் தவறானதை எடுத்துவிடுகிறார்கள். ‘என்கோட்யூஆர்ஐ’ முழு முகவரிக்கானது. அது &, #, ?, =, + எதையும் தொடாமல் விட்டுவிடும், ஏனென்றால் அவை முகவரியின் எலும்புகள் என்று அது நம்புகிறது. நமக்கு வேண்டியது ‘என்கோட்யூஆர்ஐகம்போனன்ட்’. அது ஒரு மதிப்புக்கானது, அந்தக் குறிகள் அனைத்தையும் மாற்றும். நான் முதலில் செய்து கொடுத்த பக்கத்தில் இருந்தது முன்னது. இடைவெளியும் தமிழும் ஒழுங்காக மாறியதால் எல்லாம் சரி என்றே நினைத்தேன்.

முழு முகவரியையும் கட்டிவிட்டு இரண்டாவதில் போட்டாலும் கெடும்: எச்டிடிபிஎஸ்ஸுக்குப் பின்னால் உள்ள முக்காற்புள்ளியும் சாய்கோடுகளும்கூட மாறிவிடும், அது முகவரியாகவே இருக்காது. ஆக விதி எளிது. மதிப்பை மட்டும், தனியாக, ஒட்டுவதற்குச் சற்று முன்பு, ஒரு முறை.

‘ஒரு முறை’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏற்கெனவே மாறியதை மறுபடி மாற்றினால் %20இல் உள்ள சதவீதக் குறி %25 ஆகி, மொத்தம் %2520 என்று வரும். செய்தியில் இடைவெளிக்குப் பதில் %20 என்று எழுத்தாகவே தெரிந்தால் எங்கோ இரண்டு முறை என்கோட் ஆகியிருக்கிறது. முகவரியில் %25 தென்பட்டால் வாடிக்கையாளர் உண்மையிலேயே சதவீதக் குறி எழுதினாரா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் இதுதான் காரணம்.

நீளத்தைப் பற்றி ஒரு கவலை தமிழில் எழுதுபவர்களுக்கு உண்டு. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு, ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்து. ஆக ஒன்றுக்கு ஒன்பது. ‘அதிரசம் 2 கிலோ’ என்பது யூனிகோடில் 14 குறிகள், என்கோட் செய்தால் 106. மிக நீண்ட முகவரிகளைச் சில சர்வர்களும் செயலிகளும் ஏற்பதில்லை. 2,000 எழுத்துக்குள் நிறுத்துவது பாதுகாப்பு என்பது என் கணக்கு. தமிழ்ச் செய்தி என்றால் அது ஏறத்தாழ 220 குறிகள்தான். குறிப்புப் புலத்துக்கு நீள வரம்பு வையுங்கள், ‘பெயர்:’, ‘எடை:’ போன்ற தலைப்புகளைச் சுருக்கமாக வையுங்கள்.

வரம்பைத் தாண்டியதைக் குறியீட்டில் ‘ஸ்லைஸ்’ போட்டு வெட்டாதீர்கள். வெட்டு ஓர் ஈமோஜியின் நடுவில் விழுந்தால் என்கோட்யூஆர்ஐகம்போனன்ட் பிழை எறிந்து நின்றுவிடும். தமிழில் பிழை வராது, ஆனால் புள்ளியோ கொம்போ உதிர்ந்து வேறு எழுத்தாகிவிடும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ‘இன்டில்.செக்மென்டர்’ முழு எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும்.

9. ஒட்டு

நமக்கு ஒரே மதிப்பு என்பதால் தளம், எண், ‘?டெக்ஸ்ட்=’, என்கோட் செய்த செய்தி நான்கையும் வரிசையாகச் சேர்த்தால் போதும்.

உங்கள் தளத்துக்கே பல மதிப்புகளோடு முகவரி கட்டுவதானால் யூஆர்எல் ஆப்ஜெக்டையும் அதன் ‘சர்ச்பாரம்ஸ்’ஐயும் பயன்படுத்துங்கள். கேள்விக்குறி ஏற்கெனவே இருக்கிறதா, & வேண்டுமா என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ‘செட்’ பழையதை மாற்றும், ‘அப்பென்ட்’ கூடுதலாகச் சேர்க்கும். பல டிக் பெட்டிகளுக்குப் பின்னது. என்கோடிங்கையும் அதுவே செய்துவிடுவதால் நீங்கள் செய்யக் கூடாது. செய்தால் அதே %2520.

பிறகு ஏன் வாட்ஸ்அப்புக்கும் அதையே பயன்படுத்தவில்லை? சர்ச்பாரம்ஸ் இடைவெளியை + என்று எழுதும். இணையதளங்களின் சர்வர்கள் அதை இடைவெளியாகப் படித்துக்கொள்ளும். ஆனால் மின்னஞ்சல் செயலியைத் திறக்கும் மெயில்டு லிங்க்கில் + என்பது + தான்; மின்னஞ்சலில் ‘அதிரசம்+2+கிலோ’ என்று வரும். செயலியைத் திறக்கும் லிங்க்குகளுக்கு %20 எழுதுவதே நல்லது. வாட்ஸ்அப் தன் உதவிப் பக்கத்தில் காட்டும் மாதிரியும் %20 தான்.

யூஆர்எல் ஆப்ஜெக்டில் அடிமுகவரியும் பாதையும் தனித்தனியாகக் கொடுக்கும்போது, அடிமுகவரி சாய்கோட்டில் முடிகிறதா பாருங்கள். ‘…/கடை’ என்பதோடு ‘ஆர்டர்’ சேர்த்தால் ‘…/ஆர்டர்’ ஆகிவிடும், கடை போய்விடும். ‘…/கடை/’ என்றிருந்தால்தான் ‘…/கடை/ஆர்டர்’ கிடைக்கும்.

10. திற

புதிய டேப் தேவையில்லை என்றால் ‘லொகேஷன்.ஹெச்ரெஃப்’இல் முகவரியைப் போடுங்கள். கைபேசியில் வாட்ஸ்அப் திறக்க இதுவே போதும். ‘விண்டோ.ஓப்பன்’ வேண்டுமானால், பட்டனை அழுத்திய கையோடு அது நடக்க வேண்டும். நடுவில் சர்வருக்குப் போய்வந்து அப்புறம் திறந்தால், கேட்காமல் வந்த பாப்அப் என்று பிரவுசர் தடுத்துவிடலாம். ஐபோனின் சஃபாரி இதில் இன்னும் கண்டிப்பு.

எனக்குப் பிடித்தது இரண்டையும் சேர்க்கும் வழி: முகவரியைத் திறப்பதோடு, படிவத்தின் கீழே ‘வாட்ஸ்அப் திறக்கவில்லையா? இதைத் தொடுங்கள்’ என்று ஒரு சாதாரண லிங்க்கிலும் அதே முகவரியை வைத்துவிடுவது. வயதானவர்கள் நிரப்பும் படிவங்களில் இது பெரிய உதவி.

கடவுச்சொல், ஓடிபி, அட்டை எண் எதையும் முகவரிக்குள் வைக்காதீர்கள். முகவரி பிரவுசர் வரலாற்றில் தங்கும், சர்வர் பதிவுகளில் தங்கும். அதேபோல, முழு முகவரியையே பயனர் தட்டும் புலம் இருந்தால், அது எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்குகிறதா என்று பார்த்த பிறகே லிங்க்கில் வையுங்கள். ‘ஜாவாஸ்கிரிப்ட்:’ என்று தொடங்கும் முகவரி, தொட்டதும் உங்கள் பக்கத்துக்குள்ளேயே ஓடும்.

11. எதிர்த்திசை: முகவரியிலிருந்து படிவத்துக்கு

கடைக்காரர் கேட்டார்: ‘தம்பி, அதிரசம் 2 கிலோன்னு முன்னாடியே நிரப்பின மாதிரி லிங்க் குடுக்க முடியுமா? ஸ்டேட்டஸ்ல போடலாம்.’ முடியும். அது இந்த வேலையின் மறுபக்கம்தான்.

…/ஆர்டர்?பலகாரம்=அதிரசம்&கிலோ=2

பக்கம் ஏறியதும் ‘லொகேஷன்.சர்ச்’ஐ யூஆர்எல்சர்ச்பாரம்ஸிடம் கொடுத்து, ‘கெட்’ போட்டு எடுத்து, புலங்களின் வேல்யூவில் வையுங்கள். அது டிகோட் செய்தே தருகிறது. நீங்கள் மறுபடி டிகோட் செய்தால் ‘10% தள்ளுபடி’ என்ற சொல்லில் பிழை எறியும். எடுத்ததைத் திரையில் காட்டுவதானால் ‘டெக்ஸ்ட்கன்டென்ட்’ மட்டும். ‘இன்னர்எச்டிஎம்எல்’ வேண்டவே வேண்டாம். முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம், அதற்குள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம்.

12. கடைக்காரரிடம் கொடுக்கும் முன்

குறிப்புப் புலத்தில் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகத் தட்டி, போனில் வந்த செய்தியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒவ்வொன்றும் மேலே சொன்ன ஒரு தப்பைப் பிடிக்கும்.

மிக்சர் & முறுக்கு
கதவு எண் #12, மாடி
10% தள்ளுபடி உண்டா?
லட்டு + ஜாங்கிரி = 1 கிலோ
கொழுக்கட்டை (இரண்டு வரியாக, நடுவில் என்டர் அழுத்தி)
ஒரே ஒரு இடைவெளி மட்டும்
ஓர் ஈமோஜி

கணினியில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஆண்ட்ராய்டு போன் ஒன்றிலும் ஐபோன் ஒன்றிலும், வாட்ஸ்அப்புக்குள்ளிருந்தே அந்தப் பக்கத்தின் லிங்க்கைத் தொட்டுத் திறந்து, ஒரு முழு ஆர்டரை அனுப்பிப் பாருங்கள். வாடிக்கையாளர்கள் அப்படித்தான் வருவார்கள்.